வீட்டில் பீர் காய்ச்சுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாத்திரத்தைக் கழுவுங்கள், கிருமி நீக்குங்கள், அளந்து போடுங்கள் என்பதெல்லாம் பொருட்கள் அடங்கிய கிட்டோடு வரும் காகிதத்திலேயே இருக்கிறது. அதைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. அந்தக் காகிதம் சொல்லாமல் விடுவதும், சில நேரம் தவறாகவே சொல்வதும்தான் இங்கே பேச்சு. புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஒருவர் பின் ஒருவராக ஒரே குழிகளில் விழுகிறார்கள். அதில் ஒன்று பீரோடு போகாது, கண்ணையே பறித்துவிடும். ஆகவே அதிலிருந்து தொடங்குவோம். அளவுகள் எல்லாம் 20 லிட்டர் காய்ச்சலுக்கு.

குமிழி நின்றதும் பாட்டிலில் அடைப்பது

“ஏழு நாள் ஆச்சு, ஏர்லாக்கில் குமிழி வரலை, அடைச்சிடலாமா?” புதியவர்கள் கேட்கும் கேள்விகளில் மிக அதிகம் காதில் விழுவது இதுதான். ஏர்லாக் என்பது பீர் நொதிக்கும் வாளியின் மூடியில் செருகும், வாயுவை வெளியே மட்டும் விடும் சிறு குழாய். “ஹைட்ரோமீட்டரில் எவ்வளவு காட்டுது?” என்று திருப்பிக் கேட்டால் பாதிப் பேரிடம் பதில் இருக்காது. பீரில் மிதந்து அதன் அடர்த்தியைக் காட்டும் கருவி அது; சர்க்கரை நொதிக்க நொதிக்க எண் இறங்கும். சில கிட்களின் காகிதத்தில் “ஏழாம் நாள் பாட்டிலில் ஊற்றவும்” என்றே அச்சிட்டிருக்கிறார்கள். ஈஸ்ட் நாட்காட்டி பார்ப்பதில்லை.

ஏர்லாக் அளவுகருவி அல்ல. வாளி மூடியின் ரப்பர் வளையம் சரியாகப் பொருந்தாவிட்டால் வாயு அந்த இடுக்கு வழியே போய்விடும். பீர் மும்முரமாக நொதிக்கும்போதும் ஒரு குமிழிகூட வராது. நொதித்து முடிந்த பீரோ, அறை கொஞ்சம் சூடானாலே கரைந்திருந்த வாயுவை விட்டுக் குமிழி காட்டும். இரண்டு பக்கமும் ஏமாற்றும்.

இதில் ஆபத்து எங்கே என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். பாட்டிலில் நுரை வருவதற்காக லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை போடுகிறோம். பீரில் ஏற்கெனவே கரைந்திருக்கும் வாயுவையும் சேர்த்தால், ஒரு லிட்டர் பீருக்கு ஏறக்குறைய 2.4 லிட்டர் கரியமில வாயு. சாதாரண பீர் பாட்டில் 3 வரை நிம்மதியாகத் தாங்கும். நொதிக்காமல் மிச்சம் நிற்கும் ஒவ்வொரு புள்ளியும், அதாவது அடர்த்தியில் ஒவ்வொரு 0.001-ம், பாட்டிலுக்குள் நொதித்தால் இன்னொரு அரை லிட்டர் வாயுவைச் சேர்க்கும். 1.010-க்கு இறங்க வேண்டிய பீரை 1.016-ல் அடைத்தால் ஆறு புள்ளி மிச்சம். மூன்று லிட்டர் கூடுதல் வாயு. மொத்தம் 5.4. அறை வெப்பத்தில் இது கார் டயரில் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான அழுத்தம், கிட்டத்தட்ட ஷாம்பெயின் அளவு. ஷாம்பெயின் பாட்டில் அதற்கென்றே தடித்த கண்ணாடியில் செய்யப்படுகிறது. பீர் பாட்டில் அப்படியில்லை. ஒன்று வெடித்தால் சில்லு பக்கத்துப் பாட்டிலில் பாய்ந்து அதையும் உடைக்கும்.

பீர் பாதியில் நிற்பதற்குக் காரணங்கள் பல. இரவில் வெப்பம் இறங்கினால் ஈஸ்ட் அடியில் படிந்து தூங்கிவிடும். பாட்டிலைச் சூடான இடத்தில் வைத்ததும் விழித்து, விட்ட வேலையைத் தொடரும். சைசான் என்ற பெல்ஜிய வகைப் பீருக்கான சில ஈஸ்ட்கள் 1.030 வாக்கில் நின்றுவிடுவது பலரும் அறிந்தது. 27 முதல் 30 டிகிரி வரை சூடு கொடுத்தால்தான் நகரும். டயஸ்டாட்டிகஸ் வகை ஈஸ்ட் இன்னும் கள்ளத்தனம் செய்யும்: மற்ற ஈஸ்ட்களால் தின்ன முடியாத டெக்ஸ்ட்ரின் என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலியையும் வாரக்கணக்கில் மெல்ல உடைத்துத் தின்னும். பாக்கெட்டில் அந்தப் பெயர் இருந்தால் பொறுமையை இரட்டிப்பாக்குங்கள். நொதித்து முடிந்த பீரில் வாசனைக்காக ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவை ஊறவைக்கிறவர்களும் கவனிக்க வேண்டும். ஹாப்ஸிலேயே டெக்ஸ்ட்ரினை உடைக்கும் என்சைம்கள் உண்டு. அதனால் முடிந்துவிட்டது என்று நினைத்த பீர் மறுபடி நொதித்துச் சில புள்ளிகள் இறங்கும். ஹாப்ஸ் போடும் முன் எடுத்த அளவை நம்பி அடைக்கக் கூடாது.

அளப்பதிலும் தடுக்கி விழ இடம் உண்டு. 20 டிகிரிக்கு அளவிட்ட ஹைட்ரோமீட்டரை 30 டிகிரி பீரில் விட்டால் இரண்டு, மூன்று புள்ளி குறைத்துக் காட்டும். முடியாத பீர் முடிந்ததுபோலத் தெரியும். வாயு நிறைந்த பீரிலோ குமிழிகள் ஒட்டிக்கொண்டு கருவியைத் தூக்கிவிடும், அளவு கூடுதலாகத் தெரியும். பீரை இரண்டு டம்ளர்களுக்கு இடையே நாலைந்து முறை ஆற்றி, வாயு போன பிறகு அளக்க வேண்டும். 20 டிகிரித் தண்ணீரில் கருவி 1.000 காட்டுகிறதா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஒளி வளைவதை வைத்து அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர், ஆல்கஹால் உள்ள பீரில் நேரடியாகச் சரியான எண்ணைத் தராது. அதைத் திருத்தக் கணக்கு வேண்டும், அந்தத் திருத்தமும் தோராயம்தான். அடைக்கலாமா என்ற முடிவுக்கு ஹைட்ரோமீட்டரே வேண்டும்.

மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை அளந்து, இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது விதி. அது மட்டும் போதாது. நின்றுபோன பீரும் மூன்று நாள் அதே எண்ணைக் காட்டும். ஆகவே எங்கே போய் நிற்க வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தொடக்கம் 1.050, ஈஸ்ட் அதில் 75 சதவீதத்தை நொதிக்கவைக்கக்கூடியது என்றால், ஐம்பதில் கால் பங்கு மிச்சம்: 1.012, 1.013. அங்கே 1.020 காட்டினால் அது முடிவு அல்ல. 20 முதல் 22 டிகிரிக்குச் சூடேற்றி, மூடியைத் திறக்காமல் வாளியை மெல்லச் சுழற்றி, இன்னும் நாலைந்து நாள் விடுங்கள். மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய பார்லியை) 69, 70 டிகிரியில் ஊறவைத்திருந்தால் நொதிக்காத டெக்ஸ்ட்ரின் அதிகமாக இருக்கும். இறுதி அளவும் மேலேயே நிற்கும்.

இந்தச் சந்தேகத்தை அறவே தீர்க்க ஒரு வழி இருக்கிறது. ஏனோ யாரும் செய்வதில்லை. காய்ச்சிய அன்றே 250 மில்லி வோர்ட்டை (ஈஸ்ட் போடாத மால்ட் சாற்றை) தனியே எடுத்து, அதில் அளவுக்கு மிஞ்சி ஈஸ்ட் போட்டு, 25 டிகிரிக்கு மேல் சூடான இடத்தில் வைத்து அடிக்கடி குலுக்குங்கள். இரண்டு மூன்று நாளில் அது போகக்கூடிய எல்லைக்குப் போய்விடும். அந்த எண்தான் உங்கள் பீரின் அடிமட்டம். வாளியில் இருப்பது அதற்குச் சில புள்ளி மேலே இருந்தால் அடைக்காதீர்கள். டயஸ்டாட்டிகஸுக்கு மட்டும் இந்தச் சோதனையை நம்ப வேண்டாம். அதன் வேகம் வேறு.

சர்க்கரையையும் பாட்டில் பாட்டிலாகக் கரண்டியால் போடாதீர்கள்; ஒன்று சப்பென்று இருக்கும், அடுத்தது பொங்கும். மொத்தத்தையும் 250 மில்லி தண்ணீரில் கொதிக்கவைத்து, காலி வாளியின் அடியில் ஊற்றி, அதன்மேல் பீரைக் குழாயால் சலசலப்பில்லாமல் இறக்கி, கிருமி நீக்கிய கரண்டியால் மெதுவாகக் கலக்குங்கள். 20 லிட்டர் காய்ச்சினாலும் மண்டி போக 17, 18 லிட்டர்தான் கைக்கு வரும். சர்க்கரையை அந்த அளவுக்கே எடுக்க வேண்டும். 120 கிராமை 16 லிட்டரில் போட்டால் லிட்டருக்கு ஏழரை கிராம் ஆகிவிடும். ஒரு பாட்டிலை மட்டும் பிளாஸ்டிக்கில் அடைத்து வையுங்கள். அமுக்கினால் கல் போல இருக்கும்போது மற்றவையும் தயார்.

ஏற்கெனவே அவசரப்பட்டு அடைத்தாயிற்று, ஒன்றைத் திறந்ததும் பீய்ச்சி அடிக்கிறது என்றால்: கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, தடித்த கையுறை, முழுக்கை அணிந்து, அத்தனையையும் குளிரில் வையுங்கள். குளிரில் வாயு பீருக்குள் கரைந்து அழுத்தம் இறங்கும். நன்றாகக் குளிர்ந்த பிறகு ஒவ்வொன்றின் மேலும் துணி போர்த்தி, மூடியை லேசாக நெம்பி வாயுவை விட்டு மறுபடி மூடுங்கள். ஒன்று ஏற்கெனவே வெடித்திருந்தால் மற்றவற்றைக் காப்பாற்ற நினைக்க வேண்டாம். தடித்த கம்பளியை மேலே போட்டுவிட்டு விலகுங்கள். இருபது லிட்டர் பீரை இன்னொரு நாள் காய்ச்சிக்கொள்ளலாம்.

அறையின் வெப்பத்தைப் பார்ப்பது

பார்க்க வேண்டியது பீரின் வெப்பம். மும்முரமாக நொதிக்கும் பீர் அறையைவிட 3 முதல் 5 டிகிரி அதிகச் சூட்டில் இருக்கும். அறை 22 என்றால் உள்ளே 26. பெரும்பாலான ஏல் (மிதமான சூட்டில் நொதிக்கும் பீர் வகை) ஈஸ்ட்களுக்கு 18 முதல் 20 வேண்டும். 24-ஐத் தாண்டினால் முதலில் பழவாசனை, பிறகு பெயின்ட் தின்னர் வாசனை, குடித்தால் தொண்டையில் எரியும் ஆல்கஹால். இது பாட்டிலில் எத்தனை மாதம் வைத்தாலும் முழுதாகப் போகாது. முதல் 72 மணி நேரம்தான் முக்கியம். வாளியைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி, ஈரத்துணி சுற்றி, உறைய வைத்த தண்ணீர் பாட்டில்களை மாற்றி மாற்றிப் போட்டாலே போதும். நாலாம் நாளிலிருந்து 21-க்கு ஏற விடுங்கள். வெண்ணெய் வாசனையையும் பச்சை ஆப்பிள் வாசனையையும் ஈஸ்ட் தானே தின்று தீர்க்கும். குவைக் என்ற நார்வே ஈஸ்ட் மட்டும் விதிவிலக்கு. அது 35 டிகிரியிலும் சுத்தமாக வேலை செய்யும்.

குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றுவது

பேன்டேஜ் வாசனை, மருந்து வாசனை வந்தால் பலர் கிருமித் தொற்று என்று முடிவுகட்டுகிறார்கள். பெரும்பாலும் அது குளோரின், பீரிலுள்ள ஃபீனால்களோடு சேர்ந்த விளைவு. வெறும் குளோரின் கொதித்தால் போய்விடும். குளோரினோடு அம்மோனியா சேர்ந்த குளோராமின் அவ்வளவு சுலபமாகப் போகாது. காய்ச்சும் முன் 20 லிட்டர் தண்ணீருக்குக் கால் கேம்ப்டன் (சல்ஃபைட்) மாத்திரையைப் பொடித்துக் கலக்கினால் இரண்டும் தீரும். பிளீச் போட்டுக் கழுவிய வாளியைச் சரியாக அலசாமல் விட்டாலும் இதே வாசனைதான்.

கொதிக்கும்போது மூடி போடுவது

போடாதீர்கள். ஆவியோடு வெளியேற வேண்டிய வேகவைத்த சோள வாசனை மூடியில் பட்டு மறுபடி உள்ளேயே சொட்டும். பில்ஸ்னர் என்ற வெளிர் நிற மால்ட் என்றால் 90 நிமிடம் திறந்தே கொதிக்கட்டும்.

வாளியின் திருகுகுழாயை மறந்துவிடுவது

கழற்றிப் பிரித்துக் கழுவுங்கள். ஒவ்வொரு முறையும்.

இரண்டாவது வாளிக்கு மாற்றுவது

தேவையில்லை. மூன்று நான்கு வாரம் ஈஸ்ட்டின் மேலேயே கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. மாற்றும்போது கலக்கும் ஆக்ஸிஜன்தான் பீரை அட்டைப்பெட்டி வாசனைக்குக் கொண்டுபோகும். ஆக்ஸிஜன் வேண்டியது ஈஸ்ட் போடுவதற்கு முன்பு மட்டும்.

வெயில்

பழுப்பு பாட்டில், இருட்டு. பச்சையும் வெள்ளையும் ஒளியைப் போதிய அளவு தடுக்காது.