வீட்டு ஜிம்முக்குப் பவர் ராக்: வாங்கிய பிறகே கண்ணில் படும் தவறுகள்

வீட்டில் தனியாக பெஞ்ச் பிரஸ் செய்கிறீர்கள், அதாவது பெஞ்சில் மல்லாந்து படுத்து, எடை பிளேட் மாட்டிய நீளக் கம்பியை (பார்) நெஞ்சிலிருந்து மேலே தள்ளுகிறீர்கள். ஐந்தாவது முறை பார் பாதி ஏறி நின்றுவிடுகிறது. கை நடுங்குகிறது, பார் மெல்ல இறங்கி நெஞ்சின் மேல் உட்கார்ந்துவிடுகிறது. பக்கத்தில் தூக்கிவிட ஆளில்லை. பார் வைக்கக் கொக்கிகளும், விழும் பாரைத் தாங்கக் குறுக்குக் கம்பிகளும் (சேஃப்டி பார்) உள்ள இரும்புத் தூண் சட்டமான பவர் ராக் இருப்பதே இந்த நொடிக்காகத்தான். புல்-அப் கம்பி, பிளேட் மாட்டிவைக்கும் முளைகள், கேபிள் எல்லாம் அதற்கு அப்புறம்.

வாங்கும்போது மட்டும் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. எத்தனை கிலோ தாங்கும், கூட என்னென்ன வரும் என்று பார்த்து வாங்கிவிடுகிறோம். சேஃப்டி பார் வேண்டிய உயரத்தில் நிற்காது, பார் கொக்கியில் சரியாக உட்காராது, தலைக்கு மேல் தூக்கினால் பிளேட் கூரையில் இடிக்கும் என்பதெல்லாம் வீட்டில் நிறுத்திய பிறகுதான் தெரிகிறது. வாங்கும் முன்பே இவற்றைக் கண்டுபிடிக்க ஒரு அளவு நாடாவும் அரை மணி நேரமும் போதும்.

ராக்கை அளப்பது, பாரை மறப்பது

ராக்கின் நீள அகலத்தைத் தரையில் சாக்பீஸால் வரைந்து பார்த்து, இடம் போதும் என்று முடிவு செய்வதுதான் முதல் தவறு. அறையில் அதிக இடம் பிடிப்பது ராக் அல்ல, பார். ராக்கின் வெளி அகலம் பொதுவாக 120 முதல் 125 செ.மீ.; அதில் மாட்டும் 20 கிலோ ஒலிம்பிக் பாரின் நீளம் 220 செ.மீ. பிளேட்டை இரண்டு கையாலும் பிடித்துச் செருக ஒவ்வொரு பக்கமும் இன்னும் 50 செ.மீ. வேண்டும். ஆக, சுவருக்குச் சுவர் 320 செ.மீ. இருந்தால் நிம்மதி. 280-இலும் சமாளிக்கலாம். ஆனால் பிளேட்டை உடம்பை ஒடித்துப் பக்கவாட்டில் செருக வேண்டியிருக்கும். 20 கிலோ பிளேட்டை அப்படிச் செருகுவது இடுப்புக்கு நல்லதில்லை.

இடம் குறைவு என்பதற்காகக் குட்டையான பார் வாங்கலாம் என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். ஒலிம்பிக் பாரில் இரு பக்கக் காலருக்கும் (பிளேட் உள்ளே நகராமல் தடுக்கும் தடித்த வளையம்) நடுவே உள்ள தூரம் 131 செ.மீ. ராக் 125 செ.மீ. என்றால் ஒவ்வொரு பக்கமும் 3 செ.மீ.தான் மிச்சம். குட்டை பார்களில் பலவற்றில் இந்த நடுப்பகுதியும் சுருங்கிவிடும். அப்போது பார் கொக்கிகளின் மேல் உட்காராது, காலர் கொக்கியில் ஏறி நிற்கும், அல்லது ஒரு பக்கம் உள்ளே விழுந்துவிடும். ஒரு அங்குலத் துளையுள்ள பிளேட்டுகளோடு வரும் 150 செ.மீ. பார் முழு அளவு ராக்குக்கு ஒத்துவராது. அதனால் பாரை முதலில் தேர்ந்தெடுங்கள். காலருக்குக் காலர் அளந்து எழுதிக்கொண்டு, அதற்குள் அடங்கும் ராக்கைத் தேடுங்கள்.

கூரையில் ஒரு அளவு போதாது. புல்-அப் செய்யும்போது தாடை கம்பிக்கு மேல் வரும், உச்சந்தலை கம்பியிலிருந்து 25 முதல் 30 செ.மீ. மேலே போகும். 213 செ.மீ. உயர ராக்கில் கம்பி உச்சியில் இருந்தால் கூரை 245-க்குக் குறையக் கூடாது. நின்றபடி தலைக்கு மேல் தூக்கும் பிரஸ்ஸுக்குக் கையை முழுதாக நீட்டி உள்ளங்கை வரை அளந்து, அதோடு பிளேட்டின் ஆரத்தைக் கூட்டுங்கள். 45 செ.மீ. விட்டமுள்ள பிளேட் என்றால் 22.5 செ.மீ. விளக்கு, மின்விசிறி இருந்தால் அளவு அதன் அடியிலிருந்து.

மூன்றாவது அளவை அநேகமாக யாரும் எடுப்பதில்லை. ராக்கைத் தரையில் படுக்கவைத்துப் பூட்டிவிட்டு நிமிர்த்தலாம் என்று நினைத்தால், நிமிரும்போது அதன் மூலைவிட்டம் கூரைக்கு அடியில் சுழன்று வர வேண்டும். 213 செ.மீ. உயரமும் 120 செ.மீ. ஆழமும் உள்ள ராக்கின் மூலைவிட்டம் 244 செ.மீ.க்குச் சற்று மேல். 240 செ.மீ. கூரையுள்ள அறையில் அது பாதியிலேயே சிக்கி நிற்கும். அங்கே தூண்களை நிறுத்தி வைத்தே ஒவ்வொன்றாகப் பூட்ட வேண்டும், பிடித்துக்கொள்ள இன்னொருவர் வேண்டும்.

சேஃப்டி: துளை இடைவெளியைப் பார்க்காமல் விடுவது

விளம்பரப் படத்தில் எல்லா ராக்கும் ஒன்றுபோல் தெரியும். வித்தியாசம் சேஃப்டியையும் கொக்கியையும் மாட்டத் தூணில் உள்ள துளைகளில் இருக்கிறது. பெரும்பாலானவற்றில் துளைக்குத் துளை 5 செ.மீ.; சிலவற்றில் பெஞ்ச் பிரஸ் செய்யும் உயரத்தில் மட்டும் 2.5 செ.மீ. சின்ன விஷயம்தானே என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பெஞ்சின் உயரம் 43 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். முதுகை வளைத்து நெஞ்சை உயர்த்திப் படுத்திருக்கையில் பார் நெஞ்சைத் தொடும் உயரம் தரையிலிருந்து 70 செ.மீ. வளைவை விட்டு மூச்சை வெளியேற்றினால் நெஞ்சு 66-க்கு இறங்குகிறது. சேஃப்டி பாரின் மேல்விளிம்பு இந்த இரண்டுக்கும் நடுவில், 68-இல் இருக்க வேண்டும். அப்போதுதான் ஒழுங்காகச் செய்யும்போது அது குறுக்கே வராது. முடியாமல் போனால் முதுகைத் தளர்த்தியதும் எடை முழுக்க சேஃப்டியில் இறங்கும், நீங்கள் நழுவி வெளியே வரலாம். 5 செ.மீ. இடைவெளியில் உங்களுக்குக் கிடைப்பது 65 அல்லது 70. 70-இல் வைத்தால் பார் நெஞ்சைத் தொடும் முன்பே இரும்பில் மோதும். 65-இல் வைத்தால் உடம்பைத் தளர்த்திய பிறகும் பார் நெஞ்சின் மேலேயே அழுந்திக் கிடக்கும். 2.5 செ.மீ. இடைவெளி இருந்தால் 67.5 கிடைக்கிறது, வேலை முடிந்தது.

5 செ.மீ. ராக்கை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் கவலைப்பட வேண்டாம். சேஃப்டியை நகர்த்த முடியாவிட்டால் பெஞ்சை நகர்த்தலாம். பெஞ்சின் எல்லாக் கால்களுக்கும் அடியில் 2 செ.மீ. தடிமனுள்ள ஒரே ஒட்டுப்பலகையைப் போட்டால் மேலே சொன்ன 70-உம் 66-உம் 72, 68 ஆகிவிடும். 70-இல் இருக்கும் சேஃப்டி நடுவில் வந்து நிற்கும். கால் ஊன்றும் இடத்திலும் அதே உயரம் கொடுங்கள், இல்லையென்றால் பாதம் அந்தரத்தில் நிற்கும்.

பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டுக்கு இவ்வளவு நுணுக்கம் வேண்டாம். நீங்கள் இறங்கும் கடைசிப் புள்ளியில் பார் இருக்கும் உயரத்துக்கு 3 முதல் 5 செ.மீ. கீழே போதும்.

சேஃப்டியின் வகையையும் கேட்டு வாங்குங்கள். தூண்களுக்கு நடுவே செருகும் உருட்டுக் கம்பி மலிவானது, உறுதியானது. உயரம் மாற்றும்போது முழுதாக உருவிச் செருக வேண்டும், அதனால் சோம்பலில் பலர் பெஞ்சுக்கும் ஸ்குவாட்டுக்கும் ஒரே உயரத்தில் விட்டுவிடுவார்கள். அந்தச் சோம்பல்தான் உண்மையான ஆபத்து. ஒரு முனையைத் தூக்கித் திருப்பிக் கழற்றும் வகை வேகமானது. நைலான் பட்டை வகை சத்தம் போடாது, பாரின் பிடிப்பகுதியைத் தேய்க்காது. பட்டை நடுவில் சற்றுத் தொய்யும் என்பதால் பார் விழக்கூடிய இடத்தில் அழுத்திப் பார்த்து உயரம் குறிக்க வேண்டும்.

முன்பக்கம் திறந்த பாதி ராக்கில் நீட்டிக்கொண்டிருக்கும் கைகள்தான் சேஃப்டி. ஒரு முனையில் மட்டும் பிடிமானம் உள்ளதால் பார் நுனியில் விழுந்தால் முழு ராக்கும் முன்னால் சாயப் பார்க்கும். தனியாகப் பயிற்சி செய்பவருக்கு, இடம் இருக்கும்வரை, நான்கு தூண் ராக்கையே சொல்வோம்.

"450 கிலோ தாங்கும்" என்ற வரியை நம்புவது

அந்த எண் பெரும்பாலும் எடையை மெல்ல இறக்கி வைத்தால் ராக் தாங்குவது. விழும் எடை வேறு. 100 கிலோ பார் 30 செ.மீ. கீழே விழுந்து, வளையாத இரும்பில் 1 செ.மீ.க்குள் நின்றால், அந்தக் கணத்தில் விசை சராசரியாக 31 மடங்கு, அதாவது சுமார் 3 டன் எடைக்குச் சமம். அதே எடை பட்டையில் விழுந்து 10 செ.மீ. இழுபட்டு நின்றால் 4 மடங்குதான். நடைமுறையில் பாரும் ராக்கும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், சுமை இரு பக்கமும் பிரியும். ஆனாலும் எந்தப் பாகம் அடி வாங்குகிறது என்பது இதிலிருந்து புரியும். தூண் அல்ல, சேஃப்டி பின், கொக்கியின் வெல்டிங், அவற்றைத் தாங்கும் துளை விளிம்பு. ஆகவே ராக்குக்கு ஒரு எண், கொக்கிக்கு ஒரு எண், சேஃப்டிக்கு ஒரு எண் என்று தனித்தனியாகக் கேளுங்கள். மூன்றில் சிறியதுதான் உங்கள் ராக்கின் எண்.

இரும்பின் தடிமனை கேஜில் சொல்வார்கள். எண் கூடக் கூடத் தகடு மெலியும்: 14 கேஜ் சுமார் 1.9 மி.மீ., 12 கேஜ் சுமார் 2.7, 11 கேஜ் சுமார் 3 மி.மீ. 14-ஐப் பெரியது என்று நினைத்து வாங்கியவர்கள் உண்டு. குழப்பமே வேண்டாம் என்றால் மில்லிமீட்டரில் எழுதித் தரச் சொல்லுங்கள். 50×50 மி.மீ. தூணும் 2 மி.மீ. தகடும் தொடக்கநிலை எடைகளுக்குப் போதும். பல ஆண்டுகள் எடை கூட்டிக்கொண்டே போகும் எண்ணம் இருந்தால் 75×75, 3 மி.மீ.

பிற்பாடு கேபிள், டிப் கைப்பிடி (கையூன்றி உடம்பைத் தூக்கும் பயிற்சிக்கானது) என்று சேர்க்க நினைப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். மூன்று அங்குலத் தூண் 76.2 மி.மீ.; மெட்ரிக் தூண் 75 மி.மீ. கண்ணுக்கு ஒன்றுதான். ஆனால் 75-க்குச் செய்த இணைப்பு 76.2-இல் ஏறாது, 76.2-க்குச் செய்தது 75-இல் ஆடும். துளையும் 16 மி.மீ., 25 மி.மீ. என்று மாறும். தூணின் அகலம், துளையின் விட்டம், துளை இடைவெளி மூன்றும் பொருந்தாத இணைப்பு வீண் செலவு.

கொக்கி, ஆழம், பெஞ்சின் கால்

கொக்கியின் உள்பக்கம் கெட்டியான பிளாஸ்டிக் பதித்திருக்க வேண்டும். வெறும் இரும்பு பாரின் சொரசொரப்பை நாளடைவில் மழுக்கிவிடும். முன் உதடு பார் உருளாத அளவுக்கு உயரமாக, ஆனால் பெஞ்சில் படுத்தபடி பாரை எடுக்கும்போது தோளை இழுக்காத அளவுக்குத் தாழ்வாக இருப்பது நல்லது. ஸ்குவாட்டுக்குக் கொக்கியைத் தோளுக்கு 5 செ.மீ. கீழே வையுங்கள். குதிகாலை உயர்த்தி எடுக்க வேண்டிய உயரத்தில் வைத்தால், களைத்துத் திரும்பி வரும்போது ஒரு பக்கம் கொக்கியில் ஏறாமல் போகும்.

உள் ஆழம் 60 செ.மீ. உள்ள ராக்கில் பாரை எடுத்துப் பின்னால் ஓரடி வைத்ததுமே பின் தூணில் இடிக்கும். 75 செ.மீ.க்கு மேல் இருந்தால் பார்க்காமலேயே நடக்கலாம். பெஞ்சின் அகன்ற கால் தூண்களுக்கு நடுவே நுழைகிறதா என்பதையும் அளந்துவிடுங்கள்.

தரையில் சும்மா நிறுத்துவது

புல்-அப்பில் உடம்பை ஆட்டினாலோ, பாரை வேகமாகக் கொக்கியில் மோதினாலோ கனமில்லாத ராக் நகரும். கான்கிரீட் தரையில் ஆங்கர் போல்ட் அடிப்பதே உறுதியானது. அடுக்குமாடியில் துளையிடும் முன் தளம் எப்படிக் கட்டப்பட்டது என்று கேட்டாக வேண்டும். உள்ளே இழுத்துக் கட்டிய எஃகு வடங்கள் உள்ள தளத்தில் துளையிடக் கூடாது. துளையிட முடியாவிட்டால் பின் முளைகளில் எப்போதும் 80 முதல் 100 கிலோ பிளேட்டுகளை விட்டுவையுங்கள். பயிற்சிக்கு அந்த பிளேட்டுகளையே உருவி எடுப்பவர்கள், எடை கூடக் கூட ராக்கை இலகுவாக்குகிறோம் என்பதைக் கவனிப்பதில்லை.

ரப்பர் பாய் போட்டால் நான்கு காலும் பாயின் மேலோ, நான்கும் தரையிலோ இருக்கட்டும். இரண்டு மேலும் இரண்டு கீழுமாக நின்றால் ராக் திருகி நிற்கும், பார் கொக்கியில் தானாக ஒரு பக்கம் உருளும்.

பூட்டும்போது எல்லா போல்ட்டையும் முதலில் தளர்வாக மாட்டி, அடியில் இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து சமமாக்கிய பிறகே இறுக்க வேண்டும். முதல் போல்ட்டையே முழுக்க இறுக்கினால் கடைசித் துளை ஒத்துவராது; சுத்தியலால் அடித்துச் செருகும் வேலை அங்கேதான் தொடங்குகிறது. இரண்டு வாரப் பயன்பாட்டுக்குப் பின் ஒருமுறை எல்லாவற்றையும் திரும்ப இறுக்குங்கள்.

பழைய ராக் வாங்குபவர்கள் மேல்பூச்சைப் பார்த்து ஒதுக்கவோ மயங்கவோ வேண்டாம். மேலோட்டமான துருவைத் தேய்த்து எடுக்கலாம். நீள்வட்டமாகிப்போன துளை, தரையில் உருட்டினால் தள்ளாடும் சேஃப்டி கம்பி, வெல்டிங் ஓரத்தில் முடிபோல் ஓடும் விரிசல் இவற்றில் ஒன்று இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

ராக் நின்றதும் எடை ஏற்றும் முன் வெறும் பாரோடு தோற்றுப் பாருங்கள். பெஞ்சில் படுத்து, பாரை நெஞ்சுக்கு இறக்கி, முதுகைத் தளர்த்தி, பார் சேஃப்டியில் உட்கார்ந்த பின் அடியிலிருந்து நழுவி வாருங்கள். ஸ்குவாட்டிலும் அடிவரை இறங்கி பாரை விட்டுவிட்டு முன்னால் வெளியேறுங்கள். சரியாக வந்த துளைகளை எண்ணி, தூணின் மேல் எண் இல்லாவிட்டால் பெயின்ட் பேனாவால் இரண்டு பக்கமும் எழுதுங்கள். இடப்பக்கம் எட்டாவது துளை, வலப்பக்கம் ஏழாவது துளை என்று மாற்றிச் செருகிவிட்டு, பார் ஏன் சாய்கிறது என்று தேடுவது அடிக்கடி நடப்பதுதான்.