சிஎம்சி ஜெல்லில் தூள் கலந்து உறுதியைச் சோதிப்பது எப்படி

அறிவியல் விழாவுக்கு ஜெல் செய்து, ஏதோ ஒரு தூளைப் போட்டு "உறுதி கூடிவிட்டது" என்று எழுதுவது சுலபம். கூடியது தூளாலா, இல்லை அந்த ஒரு ஜெல் மட்டும் நன்றாக இறுகிவிட்டதாலா என்று பிரித்துக் காட்டுவதுதான் உண்மையான வேலை. மலேசியாவின் பேராக் மாநிலத்துப் பீடோர் மாதிரி தோட்டப் பட்டணத்தில் கிடைக்கிற சாமான்களே போதும்.

கேக் சாமான் கடையில் சிஎம்சி தூள் வாங்குங்கள். தாவர நாரிலுள்ள செல்லுலோஸை நீரில் கரையும்படி மாற்றியது அது, முழுப்பெயர் கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ். ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும்கூட இருக்கும். 100 மில்லி வெதுவெதுப்பான நீரைக் கலக்கிக்கொண்டே 3 கிராமைத் தூவுங்கள், மொத்தமாகக் கொட்டினால் கட்டிதட்டி உள்ளே ஈரமே போகாது. ஓர் இரவு மூடி வையுங்கள். இது இன்னும் வெறும் பசைதான். இறுக்குவது படிகாரம்: 100 மில்லி நீரில் 5 கிராம் கரைத்தால், அதன் அலுமினிய அயனிகள் சிஎம்சி சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைக்கும்.

தூளை எடையால் அல்ல, கன அளவால் கணக்கிடுங்கள். மணலின் அடர்த்தி மில்லிக்குச் சுமார் 2.6 கிராம், ஆகவே 90 மில்லி பசையில் 26 கிராம் போட்டால் 10 விழுக்காடு. ஒரு தொகுதியில் சலித்த மெல்லிய மணல், இன்னொன்றில் தாப்பா, பீடோர் வட்டாரத்தில் தோண்டுகிற கயோலின் என்ற வெள்ளைக் களிமண், மூன்றாவதில் எதுவும் வேண்டாம். தூசியை மூச்சில் இழுக்காதீர்கள். முட்டை ஓட்டுத் தூளும் செம்பனைக் குலைச் சாம்பலும் கண்டிப்பாக வேண்டாம்: படிகார நீர் அமிலம், ஓடு கரைந்து குமிழி விடும், சாம்பல் காரம், அலுமினியம் சங்கிலியைப் பிணைக்குமுன் படிந்துவிடும். அப்புறம் நீங்கள் அளப்பது துகளின் வேலையை அல்ல.

எதிர்பார்க்க வேண்டியதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. துகள் கலந்த திரவத்தின் பாகுநிலைக்கு ஐன்ஸ்டைன் 1906-இல் ஒரு சூத்திரம் தந்து 1911-இல் திருத்தினார். குத் (Guth), கோல்ட் (Gold) என்ற இருவர் 1938-இல் அதை நீட்டினார்கள், பிறகு கரித்தூள் கலந்த ரப்பருக்கும் அது பயன்பட்டது. துகளின் கன விகிதத்தை க என்று வைத்தால், விறைப்பு, அதாவது அமுங்காமல் எதிர்க்கும் தன்மை, 1 + 2.5க + 14.1க² மடங்கு. 10 விழுக்காட்டுக்கு 1.39, 20-க்கு 2.06. இது உருண்டையான, ஜெல்லோடு நன்றாக ஒட்டிய கடினத் துகளுக்குத்தான். கயோலின் தட்டையானது, அதனால் மேலே போகலாம். ஒட்டாத துகளைச் சுற்றி, அழுத்தம் கூடும்போது இடைவெளி விட்டுப் பிளவு தொடங்கும். ஜெல் விறைப்பாகவே தெரிந்தாலும் சீக்கிரம் உடையும்.

20 மிமீ அகலம், 10 மிமீ உயரமுள்ள மூடிகளில் ஊற்றி, படிகார நீரில் மெதுவாக அமிழ்த்தி இரண்டு நாள் வையுங்கள். எடுத்து, மேலே ஒரு தட்டும் பிளாஸ்டிக் கோப்பையும் வைத்து, நீரைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள்; 1 மில்லி 1 கிராம், தட்டு, கோப்பையின் எடையையும் கூட்டிக்கொள்ளுங்கள். எடையின் விசையை ஜெல்லின் வட்டப் பரப்பால் வகுத்து, அதை உயரத்தில் அமுங்கிய பங்கால் வகுத்தால் விறைப்பு: மொத்தம் 100 கிராமில் 1 மிமீ அமுங்கினால் சுமார் 31 கிலோபாஸ்கல். உடைகிற எடையையும் தனியாகக் குறியுங்கள், விறைப்பும் உறுதியும் ஒன்றல்ல.

எண்களை நம்புமுன் ஒவ்வொரு தொகுதியிலும் ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். துகள்கள் அயனிகளைச் சுற்றிப் போக வைப்பதால் தூள் கலந்தது மெதுவாக இறுகும், நடுவில் பசையாகவே இருந்தால் நீங்கள் அளந்தது தோலைத்தான். அடியில் மணல் தேங்கியிருந்தால் பசையைக் கெட்டியாக்கி, மூன்று தொகுதிகளையும் மறுபடியும் ஊற்றுங்கள்.