மைனிங் மெஷினைக் கரண்டிடமிருந்து காப்பாற்ற

கோவைப் பக்கம் வயரிங் வேலை பார்க்கிறேன். பிட்காயின் மைனிங் மெஷினான ஆன்ட்மைனர் எஸ்19 வாங்கியவர்கள் முதலில் கேட்பது ஸ்டெபிலைசர். நான் முதலில் பார்ப்பது எர்த்திங். எர்த் சரியில்லாத வீட்டில் திடீரென எகிறும் வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பிவிடும் சர்ஜ் புரொடெக்டரை (எஸ்பிடி) எவ்வளவு விலைக்கு மாட்டினாலும் வீண்தான்.

அது சரியென்றால் மெயின் போர்டில் டைப் 2 எனும் வகை எஸ்பிடி மாட்டுங்கள். லைனிலிருந்து எஸ்பிடிக்கும், அங்கிருந்து எர்த் பாருக்கும் போகும் வயர் மொத்தமாக அரை மீட்டரைத் தாண்டக் கூடாது. வயரைச் சுருட்டி உள்ளே திணித்தால், இடி இறங்கும் நேரத்தில் அந்த நீளமே மிச்ச வோல்டேஜை மெஷினுக்கு அனுப்பிவிடும். முகப்பில் சின்ன ஜன்னல் இருக்கும். பச்சை சிவப்பானால் கார்ட்ரிட்ஜை உடனே மாற்றுங்கள். மழைக்காலத்தில் அதை அடிக்கடி எட்டிப் பாருங்கள்.

ஆனால் நம்மூரில் அதிகம் எரிக்கிறது இடி இல்லை, நியூட்ரல் லூஸ். த்ரீ பேஸில் நியூட்ரல் விட்டுப்போனால் 230 வோல்ட் வரவேண்டிய லைனில் 350-க்கு மேலும் ஏறலாம். எஸ்பிடி இதைத் தடுக்காது, அதுவே கருகும். வோல்டேஜ் ஏறுவதைக் கண்டுபிடிக்கும் ஓவர்வோல்டேஜ் ரிலேவும், அது சொன்னதும் லைனைத் துண்டிக்கும் கான்டாக்டரும் போடுங்கள். மெஷின் 200 முதல் 240 வோல்ட்டுக்கானது. ரிலேயின் வரம்பை அதை ஒட்டி வையுங்கள். கரண்ட் திரும்பியதும் சில நிமிடம் பொறுத்து ஆன் ஆகும்படி டைமரையும் செட் செய்யுங்கள்.

எஸ்19 3,250 வாட், அதாவது 14 ஆம்பியர், நாள் முழுக்க. 16 ஆம்பியர் பிளக் பாயின்ட் இதற்குப் போதாது. தனி லைன், 20 ஆம்பியர் எம்சிபி. அப்புறம், வெளியிலிருந்து வரும் நெட்வொர்க் கேபிளுக்கும் தனி புரொடெக்டர் வேண்டும்.