டுலூத் கப்பல் அருங்காட்சியகம்: முதன்முறை போகிறவர்களுக்கு

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், சுப்பீரியர் ஏரிக்கரையில் உள்ள துறைமுக நகரம் டுலூத். ஏரிதானே என்று அலட்சியமாகப் போகாதீர்கள். இங்கே இரும்புத்தாதும் நிலக்கரியும் ஏற்ற வருபவற்றில் 1,000 அடி நீளக் கப்பல்களும் உண்டு. இந்த வணிகத்தின் கதையைச் சொல்லும் அருங்காட்சியகம் கப்பல் கால்வாயின் கரையிலேயே இருக்கிறது. அனுமதி இலவசம்.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். சுப்பீரியரிலிருந்து மற்ற ஏரிகளுக்குக் கப்பல்களை இறக்கிவிடும் சூ மதகுகள் வழக்கமாக ஜனவரி 15 முதல் மார்ச் 25 வரை மூடியிருக்கும். அப்போது போனால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் மாதிரிக் கப்பல்களோடு திரும்ப வேண்டியதுதான்.

படி 2: கப்பல் வரும் நேரத்தை இணையத்தில் பாருங்கள். வானிலையைப் பொறுத்து அது மணிக்கணக்கில் தள்ளிப்போகும்; கிளம்பும் முன் மறுபடியும் பாருங்கள். கப்பலுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேருவது நல்லது.

படி 3: உள்ளே நுழைந்ததும் மாலுமி அறையின் மாதிரியையும் நீராவி எந்திரத்தையும் பாருங்கள். பிறகு விபத்துகள் பகுதி. 1975 நவம்பரில் 29 பேருடன் மூழ்கிய எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் கப்பலைத்தான் எல்லோரும் தேடுவார்கள். என்னைக் கேட்டால், மட்டாஃபாவுக்கு அதிக நேரம் கொடுங்கள். 1905 நவம்பர் 28 புயலில் இதே கால்வாய்க்குள் நுழைய முயன்று, கரைச்சுவரில் மோதி உடைந்த கப்பல் அது. கரையில் ஊரே திரண்டு நின்றும் அன்றிரவு உதவி போய்ச் சேர முடியவில்லை. ஒன்பது பேர் இறந்தார்கள். படித்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பாருங்கள், இடம் அங்கேதான்.

படி 4: கப்பல் நெருங்கியதும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெளியே வாருங்கள். தூக்குப்பாலம் உயரும். ஒரு நீண்ட ஒலி, இரண்டு குறுகிய ஒலி: கப்பல் இப்படி வணக்கம் சொன்னால் பாலமும் அதேபோல் பதில் சொல்லும். கால்வாயின் அகலம் 300 அடி, பெரிய கப்பலின் அகலம் 105 அடி. மாலுமிகளின் முகம்கூடத் தெரியும். அரை நூற்றாண்டைத் தாண்டிய கப்பல்களும் வரும். நன்னீரில் உப்பு அரிப்பு இல்லாததால் அவற்றுக்கு ஆயுள் அதிகம். கோடையிலும் ஏரிக்காற்று குளிரும், மேலங்கி அவசியம்.

படி 5: நேரமிருந்தால் அருகில் நிற்கும் வில்லியம் ஏ. இர்வின் கப்பலுக்குள் ஏறுங்கள். 1938 முதல் 1978 வரை தாது சுமந்தது. இதற்குத் தனி டிக்கெட், குளிர்காலத்தில் திறப்பதில்லை. படிகள் செங்குத்தானவை, செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.