நீர்வண்ண ஓவியத்தை உற்றுப் பார்க்கும் முறை: தொடக்கநிலையினருக்கு

பயிற்சிக்கு அமெரிக்க ஓவியர் ஜான் சிங்கர் சார்ஜென்ட் 1912-இல் தீட்டிய 'இன் த ஜெனரலிஃபே' என்ற ஓவியத்தை எடுத்துக்கொள்வோம். ஸ்பெயினின் கிரனாடா நகரிலுள்ள ஜெனரலிஃபே தோட்டத்தில் அவருடைய தங்கை எமிலி படம் வரைந்துகொண்டிருக்க, இரு பெண்கள் உடன் அமர்ந்திருக்கும் காட்சி இது. இதன் பெரிய படம் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் கிடைக்கிறது.

பார்க்கத் தொடங்குமுன் மூல ஓவியத்தின் அளவிலேயே, அதாவது 37.5 செ.மீ. உயரமும் 45.4 செ.மீ. அகலமும் உள்ள தாள் ஒன்றை வெட்டி அருகில் வைத்துக்கொள்ளுங்கள். திரையில் பெரிதாக்கிப் பார்க்கும்போது தூரிகைத் தீற்றலின் உண்மையான அளவு மறந்துபோகும்.

முதலில் வெளிச்சமான இடங்களைப் பாருங்கள். நீர்வண்ணத்தில் வெண்மை என்பது பெரும்பாலும் பூசப்பட்டதன்று, தாளை அப்படியே விட்டுவைத்தது. ஆகவே ஓவியர் தூரிகையை எங்கெல்லாம் தாளில் படாமல் விலக்கினார் என்பதையே நீங்கள் தேடுகிறீர்கள். இந்தப் படத்தில் சார்ஜென்ட் மெழுகு வண்ணக்கோலையும் கையாண்டிருக்கிறார். மெழுகு பட்ட இடத்தில் நீர் ஒட்டாது என்பதால், வண்ணம் திட்டுத்திட்டாக விலகி நிற்கும் பகுதிகளைக் கண்டால் மெழுகுதானா என்று சோதித்துப் பாருங்கள்.

அடுத்தது விளிம்புகள். அதிக நேரம் இங்கேதான் செலவிட வேண்டும். ஈரத்தாளில் இட்ட வண்ணம் பரவி மங்கலாக முடியும். காய்ந்த தாளில் இட்டது கத்தியால் வெட்டியதுபோல் முடியும். ஒரு நிறத்தின் மேல் இன்னொன்று தெளிவான விளிம்புடன் கிடந்தால், அடியிலுள்ளது காயும்வரை ஓவியர் காத்திருந்தார் என்று பொருள். இரண்டும் ஒன்றில் ஒன்று கரைந்திருந்தால், அவர் காத்திருக்கவில்லை. இப்படி விளிம்பு விளிம்பாகப் பார்த்துச் சென்றால், எது முன்னால், எது பின்னால் என்ற வேலை வரிசையை ஏறக்குறைய மீட்டுவிடலாம். எனக்கு இது துப்பறிவதைப் போன்ற இன்பம்.

பென்சில் கோடுகளையும் ஒருமுறை தேடுங்கள்.

பிறகு எமிலியின் கைகளுக்கு வாருங்கள். அவற்றைச் சார்ஜென்ட் எத்தனை தீற்றல்களில் முடித்திருக்கிறார் என்று எண்ணி, அதே பரப்பளவுள்ள பின்னணிப் பகுதி ஒன்றோடு ஒப்பிட்டு எழுதி வையுங்கள். முகங்களை இதுவரை தள்ளிவைத்ததற்குக் காரணம் உண்டு: முகத்தைக் கண்டதும் கண் அங்கேயே தங்கிவிடுகிறது. இப்போது பார்க்கலாம்.