துளை வட்டத்துக்கு ஒரே மேக்ரோ: சிஎன்சி மில்லிங்கில் முதல் படிகள்

பினாங்கில் பிறை, புக்கிட் மின்யாக், பாயான் லெப்பாஸ் பக்கம் மிஷின் ஷாப்பில் வேலை செய்பவர்களுக்கு இந்த டிராயிங் பழக்கமானது: அலுமினிய பிளேட், நடுவில் போர் என்ற பெரிய துளை, சுற்றிலும் போல்ட் துளைகள். இன்று 6 துளை, பிசிடி (துளைகளின் நடுப்புள்ளிகள் அமையும் வட்டத்தின் விட்டம்) 80. நாளை வருவது 8 துளை, பிசிடி 95. ஒவ்வொன்றுக்கும் புதுப் புரோகிராம் எடுத்தால் கண்ட்ரோலரின் மெமரி நிறையும், எது எந்த ரிவிஷன் என்ற குழப்பமும் கூடவே வரும். மாறும் எண்களை மட்டும் வெளியே எடுத்து, மாறாத வேலையை ஒரே இடத்தில் எழுதி வைப்பதுதான் பாராமெட்ரிக் மேக்ரோ.

நிபோங் திபால் ஆறுமுகம் பிள்ளை ஐஎல்பி மாதிரி ஒரு பயிற்சி மையத்தில் ஜி-கோட் படித்தவர்களுக்கு, அல்லது ஷாப்பிலேயே பார்த்துப் பழகியவர்களுக்கு இது எழுதப்பட்டது. ஜி83 டிரில்லிங் சைக்கிள் தெரிந்திருந்தால் போதும். இங்கே எல்லாம் ஃபானக் கண்ட்ரோலரின் கஸ்டம் மேக்ரோ பி முறையில் இருக்கிறது. சீமென்ஸில் ஆர் எண்களும் ஹைடன்ஹைனில் கியூ எண்களும் இதே வேலையைச் செய்யும். எழுதும் முறைதான் வேறு. கோட் வரிகளைத் தமிழ் ஒலியில் கொடுத்திருக்கிறோம். மிஷினில் அந்தந்த ஆங்கில எழுத்தை அடியுங்கள்: பி8100இல் வரும் பி P; இஃப் IF, தென் THEN, கோட்டு GOTO, வைல் WHILE, டூ DO, எண்ட் END.

முதலில் மிஷினில் மேக்ரோ இருக்கிறதா என்று பாருங்கள்

சில பழைய மிஷின்களில் மேக்ரோ ஆப்ஷன் வாங்கப்பட்டிருக்காது. எம்டிஐ மோடில் (கையால் வரி அடித்து உடனே ஓட்டும் மோட்) #100=12.5 என்று அடித்து சைக்கிள் ஸ்டார்ட் அழுத்துங்கள். பிறகு ஆஃப்செட் பட்டன், அதில் மேக்ரோ பக்கம். #100க்கு நேரே 12.5 தெரிந்தால் வேலை நடக்கும். அலாரம் வந்தால் மிஷின் சப்ளையரிடம்தான் கேட்க வேண்டும்.

எந்த எண் எங்கே வாழ்கிறது

#1 முதல் #33 வரை லோக்கல். ஒரு மேக்ரோவைக் கூப்பிடும்போது புதிதாகப் பிறந்து, அது முடிந்ததும் மறையும். #100இல் தொடங்குபவை எல்லாப் புரோகிராமுக்கும் பொது. பவர் அணைத்தால் அழியும். #500இல் தொடங்குபவை அணைத்தாலும் நிற்கும். அதனால் #500 வரிசையில் எதையாவது எழுதும் முன், வேறு யாராவது அதைப் பயன்படுத்துகிறார்களா என்று கேளுங்கள். மிஷினிலேயே அளவெடுக்கும் புரோப் சைக்கிள்கள் தங்கள் அளவுகளை அங்கேதான் வைத்திருக்கும். அதன் மேல் எழுதினால் அடுத்த ஷிஃப்டில் அளவு தவறும், காரணம் யாருக்கும் புரியாது.

#0 தனி ரகம். அது எப்போதும் காலி. காலி என்பது பூஜ்யம் இல்லை. தொடக்கக்காரர்கள் டூல் உடைப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

#9 காலியாக இருக்கும்போது எஃப்#9 என்று எழுதினால், கண்ட்ரோலர் ஃபீட் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளாது. அந்த எஃப்பையே எழுதாதது போலத் தாண்டிப் போகும். முன்னால் ஃபேஸ் மில்லுக்குக் கொடுத்த 1200 ஃபீட் அப்படியே நிற்கும், அந்த வேகத்தில் 6.8 டிரில் இறங்கும். கூட்டல் பெருக்கலில் மட்டும் காலியைப் பூஜ்யமாகக் கணக்கிடும். ஒப்பிடும்போது இன்னொரு திருப்பம்: ஈக்யூ (EQ, சமம்), என்ஈ (NE, சமமில்லை) இரண்டும் காலியையும் பூஜ்யத்தையும் வேறாகப் பார்க்கும்; எல்டி (LT, சிறியது), எல்ஈ (LE, சிறியது அல்லது சமம்), ஜிடி (GT, பெரியது), ஜிஈ (GE, பெரியது அல்லது சமம்) நான்கும் காலியைப் பூஜ்யமாகவே பார்க்கும். இந்தக் கடைசி குணத்தை நாம் நமக்குச் சாதகமாக்கிக்கொள்ளப் போகிறோம்.

கூப்பிடும் வரி

15 மிமீ தடிப்புள்ள 6061 அலுமினிய பிளேட். எம்8 டேப்புக்காக 6.8 டிரில், 6 துளை, பிசிடி 80. டிரில் ஏற்கனவே ஸ்பிண்டிலில் இருக்கிறது, ஜி54 பூஜ்யம் போரின் நடுவில் என்று வைத்துக்கொள்வோம்.

ஓ1000
ஜி90 ஜி54 ஜி17 ஜி21 ஜி40 ஜி80
எஸ்3500 எம்3
ஜி0 எக்ஸ்0 ஒய்0
ஜி43 எச்1 இசட்50. எம்8
ஜி65 பி8100 எக்ஸ்0. ஒய்0. ஐ80. ஏ0. எச்6. இசட்-18. ஆர்2. எஃப்420.
எம்9
எம்5
எம்30

ஜி65 வரியில் உள்ள எழுத்துகள் மிஷினை நகர்த்தாது. ஒவ்வொன்றும் ஒரு லோக்கல் எண்ணுக்குள் போய் உட்காரும்: ஏ (முதல் துளையின் கோணம்) #1க்கு, ஐ (பிசிடி) #4க்கு, எஃப் (ஃபீட்) #9க்கு, எச் (துளை எண்ணிக்கை) #11க்கு, ஆர் (டிரில் திரும்பி நிற்கும் உயரம்) #18க்கு, எக்ஸ், ஒய் (வட்டத்தின் நடு) #24, #25க்கு, இசட் (ஆழம்) #26க்கு. வரிசை ஒழுங்காக இல்லையே என்று எரிச்சல் வரும். அட்டவணையை பிரிண்ட் எடுத்து கண்ட்ரோலர் கதவில் ஒட்டிவிடுங்கள். ஜி, எல், என், ஓ, பி ஆகியவற்றை மதிப்பு அனுப்பப் பயன்படுத்த முடியாது.

எல்லா எண்ணுக்கும் புள்ளி வையுங்கள். புள்ளி இல்லாத எக்ஸ்50, செட்டிங்கைப் பொறுத்து 0.05 ஆகவும் போகலாம்.

ஆழம் ஏன் 18? 118 டிகிரி முனையுள்ள டிரில்லில் முனை நீளம் விட்டத்தில் ஏறக்குறைய 0.3 பங்கு, அதாவது 2 மிமீ. 15 தடிப்பும் அந்த 2ம் சேர்ந்து 17; ஒரு மில்லி கூடுதலாக இறங்கினால் துளை முழு அளவில் வெளியே வரும். அடியில் பிளேட்டைத் தாங்கும் பேரலல் பிளாக் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மேக்ரோ

ஓ8100
இஃப் [#4 எல்ஈ 0] கோட்டு 901
இஃப் [#11 எல்டி 1] கோட்டு 902
இஃப் [#26 ஜிஈ 0] கோட்டு 903
இஃப் [#9 எல்ஈ 0] கோட்டு 904
இஃப் [#18 ஈக்யூ #0] தென் #18=2.
#30=0
வைல் [#30 எல்டி #11] டூ1
#31=#1+[360*#30/#11]
#32=#24+[#4/2]*காஸ்[#31]
#33=#25+[#4/2]*சைன்[#31]
ஜி99 ஜி83 எக்ஸ்#32 ஒய்#33 இசட்#26 ஆர்#18 கியூ3. எஃப்#9
#30=#30+1
எண்ட்1
ஜி80 ஜி98
எம்99
என்901 #3000=1 (பிசிடி தவறு)
என்902 #3000=2 (துளை எண்ணிக்கை தவறு)
என்903 #3000=3 (ஆழம் தவறு)
என்904 #3000=4 (ஃபீட் தவறு)

கணக்கு நடக்கும் மூன்று வரியைவிட மேலே இருக்கும் ஐந்து இஃப் வரிதான் இந்த மேக்ரோவில் முக்கியம். கூப்பிடுபவர் ஐயை மறந்தாலும், பூஜ்யம் போட்டாலும், மைனஸ் போட்டாலும் எல்ஈ 0 என்ற ஒரே சோதனை மூன்றையும் பிடித்துவிடும். இசட்டுக்கு மைனஸ் போட மறந்தாலும் அப்படித்தான். தவறு இருந்தால் #3000 வரி மிஷினை நிறுத்தும். 1 போட்டால் திரையில் 3001 அலாரம், கூடவே நீங்கள் எழுதிய செய்தி. அந்த வரிகள் எம்99க்குக் கீழே இருக்க வேண்டும். மேலே இருந்தால் ஒழுங்கான வேலையும் அலாரத்தில் போய் முடியும்.

ஆரம் பாதி என்று தெரிந்தும் #4ஐ மேக்ரோவுக்குள் இரண்டால் வகுப்பது வேண்டுமென்றே. ஆப்பரேட்டர் டிராயிங்கில் பார்க்கும் எண்ணையே அடிக்கட்டும். இரவு ஷிஃப்டில் யாரும் மனக்கணக்கு போட வேண்டாம்.

லூப்பை (வைல் முதல் எண்ட் வரை திரும்பத் திரும்ப ஓடும் பகுதியை) கோணத்தை வைத்து ஓட்டாமல் #30 என்ற முழு எண்ணை வைத்து ஓட்டுவதற்கும் காரணம் உண்டு. 7 துளை என்றால் ஒவ்வொரு படியும் 51.42857 டிகிரி, முடிவில்லாத தசமம். அதையே கூட்டிக் கூட்டிப் போய் "360க்குச் சமமா" என்று கேட்டால், சமம் ஆகாமலே போகலாம். லூப் நிற்காது.

கணக்குக்குச் சதுர அடைப்புதான். #3000 வரியின் செய்தியைத் தவிர, வளைந்த அடைப்புக்குள் இருப்பதைக் கண்ட்ரோலர் குறிப்பு என்று விட்டுவிடும். ஃபானக்கில் சைன், காஸ் இரண்டும் டிகிரியில். ரேடியனாக மாற்ற வேண்டாம்.

காற்றில் ஓட்டுங்கள்

ஒர்க் ஆஃப்செட் பக்கத்தில் எக்ஸ்டர்னல் இசட்டில் 50 போட்டு, சிங்கிள் பிளாக்கில் ஓட்டுங்கள். முதல் துளை எக்ஸ்40 ஒய்0, இரண்டாவது எக்ஸ்20 ஒய்34.641, மூன்றாவது எக்ஸ்-20 ஒய்34.641 என்று திரையில் வர வேண்டும். சிங்கிள் பிளாக்கில் # வரிகள் நிற்காமல் ஓடிவிடும். ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டுமானால் பாராமீட்டர் 6000இன் 5ஆவது பிட்டை 1 ஆக்குங்கள். சோதனை முடிந்ததும் திரும்ப 0. முடித்த பிறகு அந்த எக்ஸ்டர்னல் 50ஐயும் எடுத்துவிடுங்கள்.

கிளாம்ப் துளைகளுக்கு நடுவே நிற்கிறதா? அப்படியானால் ஜி99 வேண்டாம். அது ஆர் உயரம் வரை, அதாவது 2 மிமீ மட்டும் தூக்கும். லூப்புக்குள் ஜி98 போட்டால் இசட்50 வரை ஏறும். நேரம் கொஞ்சம் போகும், டிரில் பிழைக்கும்.

அலாரம் வந்தால்: 124 என்றால் டூவுக்கு ஜோடியான எண்ட் இல்லை. 126, டூ எண் 1, 2, 3ஐத் தாண்டியது. 127, சாதாரண ஜி-கோடும் மேக்ரோ வாக்கியமும் ஒரே பிளாக்கில் கலந்துவிட்டன. 128, கோட்டு (GOTO) தேடிய N எண் இல்லை. 112, பூஜ்யத்தால் வகுத்தது. #11ஐச் சோதிக்காமல் விட்டிருந்தால் இந்த அலாரம்கூட வராது; #11 காலியாகவோ பூஜ்யமாகவோ இருந்தால் லூப் ஓடாமல், துளையே போடாமல் மேக்ரோ முடிந்துவிடும். அலாரமே இல்லாமல் ஒரே துளையில் டிரில் திரும்பத் திரும்ப இறங்கினால் #30=#30+1 வரி விடுபட்டிருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. கண்ட்ரோலர் வரிகளை முன்கூட்டியே படித்து வைக்கும். மேக்ரோவுக்குள் #5041 மாதிரி இப்போதைய இடத்தைக் கேட்டால், மிஷின் இன்னும் போய்ச் சேராத நேரத்து எண் கிடைக்கலாம். இந்த மேக்ரோவில் அந்தச் சிக்கல் இல்லை; புரோபிங் எழுதத் தொடங்கும்போது வரும்.

பல வேலைகளில் ஓடி நம்பிக்கை வந்த பிறகு புரோகிராம் எண்ணை 9010க்கு மாற்றி, பாராமீட்டர் 6050இல் 100 என்று போடுங்கள். அதன்பின் ஜி65 பி8100க்குப் பதில் ஜி100 என்று எழுதினால் போதும். பாராமீட்டர் 3202இன் 4ஆவது பிட்டை 1 ஆக்கினால் 9000 வரிசைப் புரோகிராம்களை யாரும் தெரியாமல் திருத்த முடியாது. பூட்டும் முன் ஒரு பிரதியை யூஎஸ்பியில் எடுத்து வையுங்கள், கூடவே அந்த இரண்டு பாராமீட்டரின் பழைய மதிப்பையும்.