நூறு மதிப்பெண்ணைத் துரத்தாதீர்கள்

சிறு கடைகளுக்கும் சிற்றிதழ்களுக்கும் இணையதளம் அமைத்துத் தருவது என் வேலை. "சைட் ரொம்ப ஸ்லோ" என்று யாராவது சொன்னால், முதலில் தளத்தின் வேகத்தை அளக்கும் கூகுளின் இலவசக் கருவியான பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் முகவரியைப் போடுவேன். எல்லாருடைய கண்ணும் வட்டத்துக்குள் இருக்கும் மதிப்பெண்ணில்தான் போகும். அது ஒரு கணினி சுமாரான போனையும் மெதுவான 4ஜியையும் போலப் பாவனை செய்து ஒரே ஒரு முறை திறந்து பார்த்துப் போட்ட கணக்கு. மறுபடி ஓட்டினால் மாறும். அதற்கு மேலே இருப்பதுதான் முக்கியம்: கடந்த 28 நாளில் குரோமில் வந்தவர்கள் நிஜமாகவே காத்திருந்த நேரம். கூட்டம் குறைந்த தளத்துக்கு அந்தப் பகுதி காலியாக இருக்கும். அப்போது சோதனையைச் சில தடவை ஓட்டி, நடுவில் நிற்கும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

அங்கே எல்சிபி (LCP) என்று ஒன்று இருக்கும். திரையில் தெரிகிற ஆகப் பெரிய படமோ பத்தியோ வந்து சேரும் நேரம் அது. நான்கில் மூன்று வருகைகளிலாவது 2.5 நொடிக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் பக்கத்திலேயே டிடிஎஃப்பியை (TTFB), அதாவது சர்வரிடமிருந்து முதல் பைட் வந்து சேரும் நேரத்தைப் பாருங்கள். அது 0.8 நொடியைத் தாண்டினால் சர்வர்தான் இழுக்கிறது. வேர்ட்பிரஸ் என்றால் பக்கத்தை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தயாரிக்காமல் சேமித்துவைத்துத் தரும் பேஜ் கேச் பிளகின் ஒன்று போட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

சர்வர் சரி என்றால் அநேகமாகப் படம்தான். போனில் எடுத்த 4000 பிக்சல் போட்டோவை அப்படியே ஏற்றியிருப்பார்கள். அகலத்தைக் குறைத்து, கோப்பு சிறிதாகும் வெப்பி (WebP) வடிவத்துக்கு மாற்றுங்கள். முகப்பில் முதலில் தெரியும் படத்துக்கு மட்டும் லேஸி லோடிங் (படம் திரைக்கு அருகில் வரும்போதுதான் அதை இறக்கும் முறை) வேண்டாம். சில தீம்கள் எல்லாப் படத்துக்கும் அதைப் போட்டுவிடும், முதல் படமும் வரிசையில் நிற்கும்.

தமிழ்த் தளங்களுக்குத் தனியாக ஒரு கவலை. இணையத்தில் எழுத்தைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 'க' 3 பைட், 'கொ' 6 பைட். நீண்ட கட்டுரை என்றால் எழுத்தே கனக்கும். ஆனால் நன்றாகச் சுருங்கும். சர்வர் சுருக்கித்தான் அனுப்புகிறதா என்று அறிய, குரோமின் டெவ்டூல்ஸில் (F12 விசை) நெட்வொர்க் பகுதியைத் திறந்து, பக்கத்தின் ரெஸ்பான்ஸ் ஹெடரில் கன்டென்ட்-என்கோடிங் (content-encoding) என்ற வரியில் சுருக்கும் முறையின் பெயராக ஜிசிப் (gzip) அல்லது பிஆர் (br) என்று இருக்கிறதா பாருங்கள். அந்த வரியே இல்லையென்றால் ஹோஸ்டிங்காரரிடம் கேளுங்கள். அப்புறம் எழுத்துரு: இணையத்துக்கென்று சுருக்கிய வாஃப்2 (WOFF2) கோப்பு, சாதாரணம், தடித்தது என இரண்டு தடிமன் போதும். ஒன்பது தடிமன் எதற்கு?

இன்று செய்த மாற்றம் 28 நாள் கணக்கில் மெல்ல மெல்லத்தான் தெரியும். வாடிக்கையாளரிடம் முன்பே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் மறுநாள் காலையிலேயே போன் வரும்.